சத்தம் போட ஓர் இடம்

1

நான் இருக்கும் ஊரின் பெயர் கிச்சனர். கனடாவில் இருக்கிறது. நெய்வேலியில் யாரிடம் சொன்னாலும் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "சமையல் வேலையாம்மா?" என்று பரிவோடு கேட்பார்கள். வந்த புதிதில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சமூக மையம் இருக்கிறது. ஞாயிறு காலையில் அங்கே அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடுவார்கள், விளையாட்டுக் காட்டுவார்கள். தாய்மார்கள் ஓர் ஓரமாக உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். நான் அங்கே சம்பளமில்லாமல் ஆரஞ்சுப் பழம் நறுக்குகிறேன்.

இந்த நாட்டில் ஆரஞ்சு நறுக்கவும் தகுதி வேண்டும். முதலில் காவல்துறையிடம் போய், நான் குழந்தைகளுக்கு ஆபத்தானவள் இல்லை என்று சான்றிதழ் வாங்கினேன். அங்கிருந்த பெண் அதிகாரி என்னுடைய பழைய முகவரிகளையெல்லாம் கேட்டார். ப்ளாக், ரோடு, குவார்ட்டர்ஸ் என்று நான் ஒப்பித்ததும் பேனாவை நிறுத்தி, "ராணுவத்தில் இருந்தீர்களா?" என்றார். சிறையில் இருந்தீர்களா என்று கேட்காமல் விட்டது என் நல்ல நேரம். பிறகு சாப்பாட்டைத் தொடுவதற்கு ஒரு வகுப்பு, அதற்கு ஒரு பரீட்சை. நெருப்புப் பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும் என்று ஒரு பயிற்சி. எல்லாம் முடித்துக் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு முதல் பழத்தை நறுக்கியபோது எனக்குக் கலெக்டர் ஆகிவிட்ட நினைப்பு.

என் மகன் ஆதவனும் வருவான். இங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இத்தனை மணி நேரம் தொண்டு செய்தால்தான் படிப்பை முடித்ததாகக் கையெழுத்துப் போடுவார்கள். கட்டாயத் தன்னார்வம். அவன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நாற்காலிகளை அடுக்குவான், செய்த மணிக்கணக்குக்குக் கையெழுத்து வாங்குவான், போய்விடுவான். வீட்டிலும் அப்படித்தான். கதவு சாத்தியிருக்கும். எங்கள் வீட்டில் மூன்று பேர் குடியிருக்கிறோம் என்பது செருப்புகளைப் பார்த்தால்தான் தெரியும்.

போன மாதம் அந்த மையத்தில் எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். கேக் வெட்டினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எங்கள் ஊரிலும் என் பள்ளித் தோழர்களும் நானும் சேர்ந்து பணம் அனுப்பி இதேபோல் ஒரு மையம் நடத்துகிறோம் என்று பேசினேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மையம் இருக்கிறது, நன்றாகவே நடக்கிறது. அன்று அங்கே சொல்லாமல் விழுங்கிய மீதியைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு இப்போது எழுதுகிறேன்.

2

நெய்வேலி நகரியத்தில் இருப்பவர்களுக்கு ஷிஃப்ட் என்றால் என்ன என்று நான் விளக்கினால் சிரிப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிலக்கரிச் சுரங்கம் தூங்காது. ஆகவே ஆட்கள்தான் முறைவைத்துத் தூங்க வேண்டும். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். எங்கள் அப்பா மைன்ஸில் பெர்மனென்ட், கம்பெனியே குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தது. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு விடிந்து வந்து படுப்பார். அவர் படுத்தால் வீடே படுத்துவிடும்.

நைட் ஷிஃப்ட் வாரத்தில் எங்கள் வீட்டில் அப்பளம் பொரிக்க மாட்டார்கள், கடித்தால் சத்தம் வரும் என்று. குக்கர் கிடையாது, விசில் அடிக்கும் என்று. பீரோக் கதவை எப்படித் தூக்கிப் பிடித்துத் திறந்தால் கிறீச்சிடாது என்பது எனக்கும் என் தம்பிக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே தெரியும். எங்களுக்குள் சண்டை வந்தால் வாயைத் திறக்காமல் கிள்ளிக்கொள்வோம், வாயைத் திறக்காமலே அழுவோம். அம்மா உதட்டில் விரலை வைத்தபடி வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருப்பார். "அப்பா தூங்குறாங்க." எனக்குத் தெரிந்து அம்மா எங்களிடம் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான்.

வீட்டுக்கு வருகிறவர்கள், "பிள்ளைங்க இருக்கிறதே தெரியலியே, எப்படி வளர்த்திருக்கீங்க!" என்று மெச்சுவார்கள். அம்மாவுக்குப் பெருமை பிடிபடாது. எங்களுக்கும்தான். சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளை என்று முடிவாகிவிட்டது. அந்த முடிவை நான் கனடா வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்து, இங்கே நைட் ஷிஃப்ட் போகிறவர் யாருமே இல்லாத ஒரு வீட்டில், என் மகனையும் அப்படியே வளர்த்தேன்.

அப்பா ஓய்வுபெற்ற கொஞ்ச நாளில் போய்விட்டார். அவரிடம் நான் உரக்கப் பேசியதாக ஒரு ஞாபகம்கூட இல்லை. அவர் காது நன்றாகத்தான் கேட்டது.

3

எஸ்தர் என் வகுப்புத் தோழி. கடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். நகரியத்திலேயே கல்யாணமாகி நகரியத்திலேயே தங்கிவிட்டாள். கணவர் தேவராஜ் ஸ்டோர்ஸில் பெர்மனென்ட், எப்போதும் ஜெனரல் ஷிஃப்ட். அதனால் பகலில் தூங்க வேண்டிய ஆள் அவள் வீட்டில் இல்லை. ப்ளாக்கின் கடைசித் தெருவில் கடைசி குவார்ட்டர்ஸ். பக்கத்து வீடு பழுதாகிப் பூட்டிக் கிடந்தது. பின்பக்கம் பெரிய தோட்டம், இரண்டு பலாமரம், ஸ்கூட்டர் நிறுத்த ஒரு கொட்டகை.

தெரு முடிகிற இடத்துக்கு அப்பால் வரிசையாக வாடகை லைன் வீடுகள். ஒவ்வொன்றும் ஒரே அறை. கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். எங்கள் அப்பாக்கள் பார்த்த அதே ஷிஃப்ட்தான் அவர்களுக்கும். ஆனால் குவார்ட்டர்ஸ் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் சர்ச்சுக்குப் போய்விட்டு வரும்போது ரோட்டோரத்து மதகுக் கட்டையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளாம். மடியில் கைக்குழந்தை. பக்கத்தில் பாவாடை கட்டிய ஒரு வாண்டு. தலைக்கு மேல் வெயில்.

"ஏம்மா இங்க உக்காந்திருக்கே?"

"வூட்ல அவரு தூங்குறாருக்கா. நைட்டு முடிச்சிட்டு வந்திருக்காரு. ஒரே ரூமு. இதுங்க ரெண்டும் சும்மா இருக்காதுங்க. அதான் அவரு எழுந்திரிக்கிற வரைக்கும் இங்க வச்சிக்கினு இருக்கேன்."

அவள்தான் சுதா. கணவர் பெயர் முருகவேல், மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். பெரியவள் யாழினி, சின்னவன் கவின். பகல் தூக்கம் கெட்டுப்போனவன் ராத்திரி சுரங்கத்தில் கண் அசந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எஸ்தர் மூன்று பேரையும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். "இங்க எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க" என்றாளாம்.

அவ்வளவுதான். அதற்குப் பெயர் கிடையாது, நேரம் கிடையாது. இந்த வாரம் யாருடைய அப்பாவுக்கு நைட்டோ அந்தப் பிள்ளைகள் காலையில் வந்துவிடும். அடுத்த வாரம் வேறு பிள்ளைகள். பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் வாண்டுகள், லீவு நாளில் எல்லாமே, மே மாதம் முழுக்கத் திருவிழா. தகர டப்பாவைத் தட்டும், மரத்தில் தொங்கும், தொண்டை கிழியக் கத்தும். தாய்மார்கள் கொட்டகையில் உட்கார்ந்து முந்திரி உடைப்பார்கள். சுதாவுக்குப் பிறந்த ஊர் காடாம்புலியூர், முந்திரிக்காடு. அங்கிருந்து மூட்டை வரவழைத்து மற்றவர்களுக்கும் வேலை பிடித்துக் கொடுத்தாள். பேச்சும் சிரிப்புமாக இருக்கும். யாருக்காவது வீட்டில் அடி உதை என்றால் அதுவும் அங்கேதான் வெளியே வரும். எஸ்தர் போய் அந்த ஆளை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவாள்.

ஒருமுறை அவளுக்குப் போன் செய்தபோது அவள் பேசுவதே கேட்கவில்லை.

"என்னடி அங்க இப்படிச் சத்தம்?" என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்லடி, நாலு வீட்ல ஆம்பளைங்க நிம்மதியா தூங்குறாங்க" என்றாள்.

4

தேவராஜ் ஓய்வுபெறும் நாள் வந்தது. நகரியத்தில் வேலை முடிந்தால் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். எங்கள் எல்லோருடைய அப்பாக்களும் அப்படிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான். எஸ்தருக்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரு மாடிவீடு. கீழே வீட்டுக்காரர், மாடியில் இவர்கள், தோட்டம் என்று பார்த்தால் இரண்டு பூந்தொட்டி. முதல்முறையாக என்னிடம் உதவி கேட்டாள். "லைன் வீட்டுப் பக்கமா ஒரு காலிமனை, மேல ஒரு தகரம், சுத்தி வேலி. வாடகைய மட்டும் நீங்கள்லாம் சேர்ந்து குடுத்தா போதும்டி."

எங்கள் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழு உலகம் முழுக்கப் பரந்தது. ஒருவருக்குக் காலை என்றால் இன்னொருவருக்கு நடுநிசி. எல்லோரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் நாங்கள். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற குறுகுறுப்பு எங்கள் எல்லோருக்குமே இருந்தது. டல்லாஸில் இருக்கும் பாஸ்கர் மட்டும் தயங்கினான்.

"எல்லாம் சரி. ஆனா பசங்க கத்தறதுக்குன்னு எப்படிடா டொனேஷன் கேக்கிறது? ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட சொன்னா என்ன ப்ரோக்ராம்னு கேப்பாங்களே."

எல்லோரும் சிரித்தோம். அவன் கேட்டதில் தப்பில்லை. பணம் கொடுப்பவருக்கு எதைக் காட்டுவது? கத்தலைப் படம் எடுக்க முடியாதே. அப்போதுதான் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். அங்கே மையத்தில் அனுபவம் உள்ளவள், காவல்துறைச் சான்றிதழ் வரைக்கும் வைத்திருப்பவள், திட்டத்தை அவளே எழுதட்டும் என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உட்கார்ந்து எழுதினேன். கிச்சனர் மையத்தின் நடைமுறைகளை வரிவரியாகத் தமிழாக்கினேன். காலிமனை ஆபத்து, ஆகவே பூட்டுப்போட்ட கட்டடம். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை நேரம். ஆறு வயதுக்கு மேல் மட்டும்; வாண்டுகளைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வேண்டும், அதற்கு நிதி இல்லை. வீட்டுப்பாடம், ஆங்கிலப் பேச்சு, கம்ப்யூட்டர். குழந்தைகள் இருக்கும் இடத்தில் பெரியவர் யார் உட்கார்ந்தாலும் காவல்நிலையத்தில் நற்சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். சுவரில் மாட்ட ஒரு போர்டையும் நானே வடிவமைத்து அனுப்பினேன். மேலே 'குடும்ப நல, இளைஞர் மேம்பாட்டு மையம்' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே நீலத்தில் 'அமைதி காக்கவும்' என்று சேர்த்தேன். எழுத்துரு தேர்ந்தெடுக்கவே ஒரு மாலை ஆனது.

எஸ்தர் படித்துவிட்டு அழைத்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கே. கத்தறதுக்கு எந்த நேரம் குடுத்திருக்கேன்னுதான் தெரியல."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

"போலீஸ்ல எழுதி வாங்கணும்னதும் சுதா மிரண்டுட்டாடி. நான் என்னக்கா தப்பு பண்ணேன்னு கேக்குறா."

"மிரள என்ன இருக்கு? நானே வாங்கியிருக்கேன், எஸ்தர்."

"நீ வாங்கின. உனக்கு அது மெடல். அவளுக்கு அது ஸ்டேஷன்."

போகப்போகப் பழகிவிடும் என்று சொன்னேன். எல்லாம் குழந்தைகளின் பாதுகாப்புக்குத்தானே என்றும் சொன்னேன். இரண்டையும் நான் நம்பித்தான் சொன்னேன். அதுதான் இப்போது தாங்கவில்லை.

வாரம் தவறாமல் படங்கள் வந்தன. வெள்ளைச் சுவர், வரிசையாகப் பிள்ளைகள், நிமிர்ந்த முதுகுகள். நாங்கள் இதயம் இதயமாக அனுப்பினோம். கல்யாண நாள், பிறந்த நாள் என்று எதற்கெடுத்தாலும் மையத்துக்கு நன்கொடை என்பது எங்கள் குழுவின் வழக்கமாகிவிட்டது. ஆதவனின் பிறந்தநாளுக்கும் அவன் பெயரில் அனுப்பினேன். பிள்ளைகள் அவன் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வந்தது. அவனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இவங்களுக்கு என்னைத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்குப் போய்விட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசே இல்லை என்று அன்று என் கணவரிடம் புலம்பினேன்.

5

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஆதவன் பரீட்சை என்று வரவில்லை. மையத்தின் ஆண்டுவிழாவில் என்னைச் சிறப்பு விருந்தினர் ஆக்கியிருந்தார்கள்.

மையம் பளிச்சென்று இருந்தது. மின்விசிறி, கம்ப்யூட்டர், என் போர்டு. நாங்கள் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஒருங்கிணைப்பாளர் நல்ல சுறுசுறுப்பான பெண். பிள்ளைகள் ஆங்கிலத்தில் வரவேற்புரை படித்தார்கள். கடைக்காரர் பிள்ளைகள், சொந்த வீட்டுக்காரர் பிள்ளைகள், பெர்மனென்ட் ஆட்களின் பேரன் பேத்திகள். நன்றாகப் படிக்கிறார்கள். அவர்களுக்கு அது பயன்படவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மாலையில் அவர்களைக் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போக வண்டியோடு ஆட்கள் இருந்தார்கள்.

நான் யாழினியைத் தேடினேன். ஏழு வயதாகியிருக்க வேண்டும்.

"அந்தப் பேர்ல நம்மகிட்ட யாரும் இல்லையே மேடம்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"லைன் வீட்டுப் பிள்ளைகள்?"

"ஆரம்பத்துல ரெண்டு மூணு பேர் வந்தாங்களாம். ரொம்ப சத்தம், டிசிப்ளின் இல்லன்னு சொன்னாங்க. அப்புறம் அவங்களே நின்னுட்டாங்க."

எஸ்தர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடைக்கு அழைத்தபோது கையை ஆட்டி மறுத்துவிட்டாள். விழா முடிந்ததும் அவளை இழுத்துக்கொண்டு போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். நீ சிரிச்சே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு அவளாகவே சொன்னாள். தோட்டம் போனதும் சுதா பழையபடி ரோட்டுக்கு வந்துவிட்டாள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பார்க்கில், பஸ் நிறுத்தத்தில், கோயிலில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். மழைக்காலத்தில் எங்கேயும் உட்கார முடியாது. வீட்டிலேயே இருந்தார்கள். குழந்தைகள் குழந்தைகளாகத்தான் இருக்கும். முருகவேல் சரியாகத் தூங்காமலே வேலைக்குப் போய்வந்தார். ஒருநாள் விடிகாலையில் பைக்கில் திரும்பும்போது கண் அசந்து சாலைத் தடுப்பில் மோதி விழுந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. முழங்கை உடைந்தது.

"அதுக்கப்புறம் அவ பயந்துட்டா. அவர் தூங்கட்டும்னு பிள்ளைங்கள இட்டுக்கிட்டு காடாம்புலியூர்ல அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அவர் இங்க தனியா இருக்கார். மெஸ்ல சாப்பாடு. நல்லா தூங்குறாராம்." டீயைக் கீழே வைத்தாள். "குடும்ப நல மையம்னு போர்டு மாட்டி, இருந்த ஒரு குடும்பத்த ரெண்டா பிரிச்சிட்டோம்டி."

தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். என்னை மட்டும் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்கு அழுகை வந்தது. டீக்கடை என்றும் பார்க்காமல் அழுதேன். எத்தனையோ பேர் எத்தனையோ ஊரில் செய்யக்கூடிய தவறுதான் இது என்று என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வேறு ஊர்க்காரர் யாராவது அந்தத் திட்டத்தை எழுதியிருந்தால் பகலில் தூங்கும் அப்பாக்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்காது, மன்னிக்கலாம். குழந்தைப் பருவம் முழுக்க விரல் நுனியில் நடந்து வளர்ந்தவள் நான். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள நான் யாரையும் கேட்க வேண்டியதே இல்லை. அந்த வயதில் எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று என்னையே கேட்டிருந்தாலே போதும்.

"சுதாவ நான் பாக்கணும்" என்றேன். அழுது முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. எஸ்தர் முதலில் கேட்ட அந்தக் காலிமனையைப் பிடிப்போம். தகரக் கூரை, வேலி, வேறு எதுவும் வேண்டாம். வாடகையை நானே கொடுக்கிறேன், குழுவைக் கேட்கப் போவதில்லை. சுதாவைக் கூப்பிட்டு வந்துவிடலாம்.

எஸ்தர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வா, போய்க் கேட்டுப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். ஊர் தாண்டி முந்திரித் தோப்பை ஒட்டிய வீடு. வாசலில் சாக்கு விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுதா முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். நான் போனில் பார்த்திருந்த சுதாவைவிட இளைத்திருந்தாள். எஸ்தரைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டாள். என்னை எஸ்தர் அறிமுகம் செய்தபோது, "தெரியும்க்கா. கனடா அக்கா" என்றாள். குரலில் எந்தக் குத்தலும் இல்லை.

தோப்புக்குள்ளிருந்து பிள்ளைகளின் கூச்சல் வந்துகொண்டிருந்தது. யாரோ யாரையோ துரத்த, யாரோ வீறிட, இன்னொருவன் மரத்தின் மேலிருந்து ஊளையிட்டான்.

"நம்ம பிள்ளைங்களும் அங்கதான் இருக்காங்களா?" என்றேன்.

"ஆமாக்கா. பொழுதன்னிக்கும் கத்திக்கினு கெடக்குதுங்க" என்றாள். சிரித்தாள்.

எனக்கு அது போதும்போல் இருந்தது. தைரியம் வந்து காலிமனையைப் பற்றிச் சொன்னேன். போலீஸ் கிடையாது, வயசுக் கணக்கு கிடையாது, நேரம் கிடையாது, எஸ்தர்தான் பார்த்துக்கொள்வாள், நீ உன் வீட்டுக்கே திரும்பி வந்துவிடலாம் என்றேன். சுதா கேட்டுக்கொண்டே இன்னும் நான்கைந்து கொட்டை உடைத்தாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க, எனக்குத் தெரியும்" என்றாள். "பெரியவள இங்கயே இஸ்கூல்ல சேத்துட்டோம். சின்னவன் பால்வாடி போறான். இட்டுக்கினு அங்க வந்துருவேன், அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா நாளைக்கு அந்த மனைக்காரரு காலி பண்ணுன்னா? இல்ல ஒங்களுக்கு முடியலன்னா? மறுபடியும் நா ரெண்டையும் இட்டுக்கினு எந்த ஆஸ்பத்திரியில போயி ஒக்காருவேன் சொல்லுங்க."

நான் இருக்கிறேன், அப்படி நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். பத்து நாளில் எனக்கு விமானம். எஸ்தரைப் பார்த்தேன். அவள் தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு வாரத்துல லீவு அன்னிக்கு வந்துட்டுப் போறாருக்கா" என்றாள் சுதா, என்னைத் தேற்றுவதுபோல. "இன்னிக்கு லீவுதான். வர்ற நேரந்தான். இருந்து சாப்ட்டுட்டுப் போங்க."

சொல்லி வாய் மூடவில்லை, பாதையில் பைக் சத்தம் கேட்டது. தோப்பு அடங்கிவிட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் யாழினி மூச்சிரைக்க ஓடிவந்தாள். எங்களைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து விரித்தாள், தலையணையைத் தட்டிப் போட்டாள், சன்னல் கதவைத் தூக்கிப் பிடித்துச் சத்தம் வராமல் சாத்தினாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பாயருகே வைத்தாள். வாசலில் வந்து நின்ற கவினின் வாயைத் தன் கையால் பொத்தி, அவனை இழுத்துக்கொண்டு பின்கதவு வழியாக விரல் நுனியில் நடந்து போனாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

முருகவேல் உள்ளே வந்தார். நல்ல உயரம். வலது முழங்கை முழுதாக நீளவில்லை. சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். இடது கையில் பண்ருட்டியில் வாங்கிய ஜாங்கிரிப் பொட்டலமும் ஒரு பிளாஸ்டிக் பந்தும் இருந்தன. எங்களுக்கு வணக்கம் சொன்னார். இருட்டாகக் கிடந்த அறையையும் விரித்திருந்த பாயையும் பார்த்தார்.

"பிள்ளைங்க எங்க?" என்றார்.

"நீ தூங்குவேன்னு வெளிய போயிட்டுதுங்க" என்றாள் சுதா.

"தூக்கமா? நேத்து பூரா தூங்கிட்டுத்தான வரேன்." பின்கதவுக்குப் போய் நின்றார். "யாழினி" என்று கூப்பிட்டார். அவர் கூப்பிட்டது அடுத்த அறைக்குக்கூடக் கேட்டிருக்காது. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துத் தனக்கு முன்னால் வைத்துக்கொண்டார். பந்தை மடியில் வைத்துக்கொண்டார். எங்களிடம் கனடாவில் குளிர் எப்படி என்று விசாரித்தார். நான் ஏதோ சொன்னேன். அவர் கண் பின்கதவிலேயே இருந்தது.

சுதா சோறு வடித்தாள், குழம்பு கொதித்தது. வெளியே ஒரு சத்தம் இல்லை. வெகுநேரம் கழித்துச் சமையலறைப் பக்கத்துச் சன்னலில் யாழினியின் தலை மட்டும் தெரிந்தது. உள்ளே எட்டிப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்து, காற்றைவிட மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா எழுந்துட்டாராம்மா?"